ஜான்சனின் குறிப்பேடு

சமூக ஊடகத்தில் நாள்தோறும் எழுதப் புகுவோர் சின்னாளில் பொருள் காணாது திகைப்பர். இத்திகைப்புப் புதியதன்று. இலண்டன் மாநகரில் வாழ்ந்த அறிஞர் சாமுவேல் ஜான்சன், 1750 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'ராம்ப்ளர்' என்னும் இதழைத் தொடங்கினார். செவ்வாயும் சனியும் அது வெளிவரல் வேண்டும். ஆங்கில அகராதி தொகுக்கும் பெரும்பணியும் அந்நாளில் அவர் தலைமேல் இருந்தது. எனினும் ஈராண்டில் 208 இதழ்கள் தவறாது வெளிவந்தன. அவற்றுள் பிறர் எழுதியவை மிகச் சிலவே.

இஃது எங்ஙனம் இயன்றது? கட்டுரைக்கு உதவும் எண்ணங்களை அவர் முன்னரே சிறு குறிப்பேடு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். அவை முழுக் கட்டுரைகள் அல்ல. சிறு சிறு தொடர்களே. அவ்வளவே போதுமா என்று நாம் ஐயுறலாம். நூல்களைக் கற்றும் மாந்தர் இயல்பை உற்றுநோக்கியும் நிறைந்திருந்த உள்ளத்திற்கு அச்சிறு தொடர்கள் தூண்டுகோலாயின. எழுதியதை அச்சிடுமுன் மீண்டும் படித்துப் பார்க்கவும் பொழுதின்றி, விரைந்து அவர் எழுதிய கட்டுரைகள் பல.