இரு வாரங்களில் இரு நாடுகள்: ஒரு பயணத் திட்டம் கற்றுத் தந்த பாடம்

இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் தொலைதூரம் எங்கேயாவது சென்று வர வேண்டும் என்ற ஆசை மாணவர்களாகிய நம்மில் பலருக்கு உண்டு. எங்கள் நால்வருக்கு அது தென் ஜெர்மனி, ஆஸ்திரியா என்று அமைந்தது. நால்வரில் ஒருவன் ஜெர்மன் மொழியை விருப்பப் பாடமாக எடுத்தவன் என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை. நாங்கள் இன்னும் புறப்படவில்லை. ஆகஸ்டு இறுதியில்தான் பயணம். ஆகவே, இது பயணக் கட்டுரை அன்று. ஒரு திட்டத்தை எப்படித் தவறாகப் போட்டுப் பின் எப்படித் திருத்தினோம் என்பதே இங்குச் சொல்லப்படுகிறது.

முதல் திட்டம்

முதல் திட்டம் போட்டவன் நான்தான். பதினான்கு நாள்களில் பதினோர் ஊர்கள்! மியூனிக், நியூரம்பெர்க், ரோதன்பர்க், ரேகன்ஸ்பர்க், பாசாவ் என்று தொடங்கி இன்ஸ்புருக், சால்ஸ்பர்க், ஹால்ஸ்டாட் வழியாக வியன்னா வரை நீண்டது. வரைபடத்தில் எல்லாம் ஒரு விரல் அகல இடைவெளியில் இருந்தன. ஊருக்கு ஊர் இரண்டு மணி நேர இரயில் பயணம், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

தமிழ்ப்பள்ளியில் தூரம், நேரம், வேகம் என்று எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் வரும் இரயிலில் யாரும் மூட்டை முடிச்சோடு ஏறுவதில்லை. விடுதியில் காலையிலேயே அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகலில்தான் அறை கிடைக்கும். பெட்டியை எங்கே வைப்பது என்ற கவலையிலேயே பாதி நாள் போய்விடும். பத்து முறை இடம் மாறினால் பத்து அரை நாள். பதினான்கு நாளில் ஐந்து நாள் பெட்டி தூக்கவே சரியாகப் போகும்.

செலவும் ஆளுக்குப் பதினோராயிரம் ரிங்கிட்டைத் தொட்டது. அட்டவணையைப் பார்த்த மறுநாள் எங்கள் தோழி, "எனக்கு அந்தச் சமயத்தில் நேர்முகத் தேர்வு இருக்கு. நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க" என்றாள். நாங்களும் நம்பினோம். இரண்டு வாரம் கழித்துத்தான் அப்படி ஒரு நேர்முகத் தேர்வே இல்லை என்பது தெரிந்தது. வார இறுதியில் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தையும் அவள்தான் கட்டுகிறாள். உன்னால் எவ்வளவு முடியும் என்று நாங்கள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

அன்றிரவு விடுதிச் சிற்றுண்டிச் சாலையில் நால்வரும் உட்கார்ந்தோம். அவரவரால் முடிந்த உச்சத் தொகையைப் பெயர் போடாமல் எழுதித் துண்டுச் சீட்டை மடித்துப் போட்டோம். மிகக் குறைந்த தொகை எட்டாயிரம். அதுவே திட்டத்தின் தொகை என்று முடிவாயிற்று. குழுவாகப் பயணம் போகிறவர்கள் ஊர்ப் பெயர்களை எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

நான்கு கூடாரங்கள்

இரண்டாம் திட்டத்தில் ஊர்களை விட்டுவிட்டு இரவுகளை எண்ணினோம். மியூனிக்கில் ஐந்து, சால்ஸ்பர்க்கில் நான்கு, ஹால்ஸ்டாட் ஏரிக்கரையில் இரண்டு, வியன்னாவில் மூன்று. மற்ற இடங்களுக்கெல்லாம் காலையில் போய் இரவில் திரும்புவதுதான். மியூனிக்கில் இறங்கி வியன்னாவிலிருந்து திரும்பும்படி விமானச் சீட்டு எடுத்ததால் வந்த வழியே திரும்பும் வேலையும் இல்லை. செப்டம்பர் நடுப்பகுதியில் மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கும்போது அறை விலை தாறுமாறாக ஏறிவிடும். அதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பிவிடுகிறோம்.

செலவைக் குறைத்ததில் பெரும்பங்கு பயர்ன் டிக்கெட் என்ற ஒருநாள் சீட்டுக்கு உரியது. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை பவேரியா மாநிலம் முழுவதும் வட்டார இரயில்களில் போகலாம். எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரையிலும் செல்லும். ஆள் கூடக் கூட விலை சற்று ஏறினாலும் நால்வர் பகிர்ந்தால் கையைக் கடிக்காது. விரைவு இரயில்களில் மட்டும் ஏறக்கூடாது. வேலை நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும் என்பது இன்னொரு நிபந்தனை.

இந்த 9 மணி விதி சிறியதாகத் தெரிந்தாலும் நாளையே மாற்றிவிடும். மன்னர் இரண்டாம் லுட்விக் 1869இல் கட்டத் தொடங்கி, 1886இல் இறக்கும்வரை முடிக்காமல் போன நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை எடுத்துக்கொள்வோம். மியூனிக்கிலிருந்து ஃபியூசன் வரை இரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பின் பேருந்து, பின் மேட்டில் நடை. நுழைவுச் சீட்டிலோ நேரம் குறித்திருப்பார்கள், தவறினால் உள்ளே விடமாட்டார்கள். காலை 11 மணிச் சீட்டை வாங்கவிருந்த என்னைத் தடுத்தவள் தோழிதான். பிற்பகல் 2 மணிச் சீட்டு வாங்கினோம்.

டாஹாவ் மியூனிக்கிற்கு மிக அருகில் இருக்கிறது. நாஜிகள் 1933 மார்ச்சில் திறந்த வதைமுகாம் அது. நினைவிடத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அரை நாள் போதும் என்று எழுதி, மாலைக்குக் கடைத்தெரு என்று சேர்த்திருந்தேன். ஜெர்மன் படித்த நண்பன் அதை அடித்துவிட்டு மாலையை வெறுமையாக விட்டான். அவன் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

கிராமங்கள்

ஹால்ஸ்டாட்டில் வசிப்பவர்கள் எண்ணூறு பேர்கூட இல்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உப்பு வெட்டிய மலை அதன் தலைக்கு மேல் நிற்கிறது. சீனாவில் இந்த ஊரைப் போலவே ஒரு நகல் ஊர் கட்டி 2012இல் திறந்தார்கள் என்றால் அதன் புகழைப் புரிந்துகொள்ளலாம். பகலில் பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்து மாலையில் கலைந்துவிடும். எனவே, அங்கே இரவு தங்குவதுதான் அறிவு. ஊருக்குள் அறை விலை எட்டாததால், அதே ஏரிக்கரையில் ஒரு நிறுத்தம் தள்ளியுள்ள ஓபர்ட்ரவுனில் எடுத்தோம். ஒன்றை மறக்கக்கூடாது: ஹால்ஸ்டாட் இரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. படகில்தான் ஊருக்குள் போக வேண்டும். கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும்.

சால்ஸ்பர்க்கிலிருந்து கேனிக்ஸே ஏரிக்கு ஒரு நாள். 1909 முதல் அங்கு மின்படகுகள் ஓடுகின்றன. படகை நடுவில் நிறுத்தி ஊதுகொம்பு வாசித்து மலையின் எதிரொலியைக் கேட்கச் செய்வார்களாம். அந்த ஏரி ஜெர்மனியில் இருப்பதால் கடப்பிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். 2015 முதல் ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் சோதனை நடத்தி வருகிறது.

சில நடைமுறைகள்

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு இவ்விரு நாடுகளிலும் 180 நாள்களில் 90 நாள் வரை விசா தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் ஏறக்குறைய எல்லாமே மூடியிருக்கும். பவேரியாவில் சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் ரொட்டி, பழம் வாங்கிவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். வியன்னாவுக்கு 1873 முதல் மலை ஊற்று நீரே குழாயில் வருகிறது. இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டு செல்லத் தடை உண்டு. நெத்திலி சம்பலுக்குத் தடையில்லை என்பதை அம்மா இரண்டு முறை கேட்டு உறுதிசெய்து கொண்டார்.

அறைகள் பதிவாகிவிட்டன. ஆளுக்கு ஏழாயிரத்து எண்ணூறு. பணத்தையும் சீட்டுகளையும் இப்போது தோழிதான் வைத்திருக்கிறாள். மியூனிக்கில் ஒரு நாள் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சட்டம் படிக்கும் நண்பனுக்கு 1945-46இல் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்ற அறையைப் பார்க்க வேண்டும். கோயில் வகுப்பில் வயலின் கற்ற தோழிக்கோ, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வயலின் செய்துவரும் மிட்டன்வால்ட் கிராமத்திற்குப் போக வேண்டும். ஓட்டெடுப்பில் இரண்டுக்கு இரண்டு. நான் மிட்டன்வால்டுக்குப் போட்டேன்.