கஞ்சாச் சாராயச் சத்தும் அதன் வைத்திய உபயோகமும்

செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் மூலிகை அறிவுக்குப் பஞ்சமில்லை. அங்கே வசிக்கும் பளியர்கள் மலைச் செடிகளின் குணங்களை நன்கு அறிந்தவர்கள். இத்தகைய இடத்தில், "கஞ்சாவும் மருந்துதானே, சாராயத்தில் ஊறவைத்து வலிப்புக்குக் கொடுத்தால் என்ன?" என்னும் கேள்வி எழுவது இயல்பே. சங்க அங்கத்தினர்கள் இதன் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

கஞ்சாவின் பூந்தலைகளில் பிசின் போன்றதொரு பசை உண்டு. மருந்துச் சத்து பெரும்பாலும் அதிலேயே அடங்கியிருக்கிறது. அது நீரில் கரைவதில்லை. நெய், எண்ணெய், சாராயம் ஆகியவற்றில் கரையும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வில்லியம் புரூக் ஓஷானஸி என்னும் ஐரிஷ் வைத்தியர், இந்நாட்டார் கஞ்சாவை உபயோகிக்கும் முறைகளை விசாரித்தறிந்து, முதலில் மிருகங்களுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பரீட்சித்து, 1839-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். பூந்தலைகளை ஸ்பிரிட்டில் காய்ச்சிப் பிசினைக் கரைத்து, ஸ்பிரிட்டை ஆவியாக்கிச் சத்தை எடுப்பது அவருடைய முறை. அச்சத்தில் 3 கிரெயினை ஒரு டிராம் ஸ்பிரிட்டில் கரைத்தால் டிங்க்சர் ஆகும். தனுர்வாதத்தில் இழுப்பு தணிந்து சிலர் பிழைத்தனர். பிறந்து 40 நாளே ஆன குழந்தையொன்றின் வலிப்புக்கு ஒரு துளியில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்திக் கொடுத்தார், குழந்தை தேறிற்று. வெறிநாய்க்கடி நோயாளிக்கோ வேதனை தணிந்ததேயன்றி உயிர் தப்பவில்லை. இதனையும் மறையாது எழுதியது அவருக்குப் பெருமை. பிற்காலத்தில் இந்நாட்டில் தந்திக் கம்பிகளை அமைத்தவரும் இவரே.

இவ்வளவு புகழ்பெற்ற டிங்க்சர் ஏன் வழக்கொழிந்தது? ஒரு புட்டியின் வீரியம் மற்றொரு புட்டிக்கு இராது. செடி, நிலம், பறித்த பருவம், வைத்திருந்த காலம் ஆகிய எல்லாவற்றாலும் அது மாறும். நேற்று பயன்படாத பத்துத் துளி, இன்று புதுப்புட்டியிலிருந்து கொடுத்தால் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தலாம். பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்து இது 1932-இல் நீக்கப்பட்டது. மயக்கந்தரும் பொருளை இஸ்ரேல் நாட்டு இரசாயனிகள் தனியே பிரித்தறிந்தது 1964-இல்தான்.

மயக்கந்தராத மற்றொரு பொருளான கன்னபிடயோலைக் கொண்ட மருந்தொன்றை, குழந்தைகளுக்கு வரும் சில கொடிய வலிப்பு நோய்களுக்காக அமெரிக்கா 2018-இல் அங்கீகரித்தது. அதில் மருந்தைக் கரைத்திருப்பது நம் வீட்டு நல்லெண்ணெயிலேயே. சிறிது சாராயமும் உண்டு. ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 100 மில்லிகிராம் என அளவு திட்டமானது. அப்படியிருந்தும் கல்லீரலுக்குத் தீங்கு நேர்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்தே கொடுக்கிறார்கள். வேறு வலிப்பு மாத்திரைகளோடு அது கலந்து வேலை செய்யும் விதத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுச் சட்டியில் காய்ச்சியதற்கு அளவேது? ஸ்பிரிட்டு ஆவி அடுப்பில் பற்றிக்கொள்ளும் என்பது வேறு. கடையில் வாங்கும் ஸ்பிரிட்டில் மெதில் கலந்திருப்பின் கண்ணும் போகும், உயிரும் போகும்.

சட்டத்தையும் நிலமுடைய அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், கஞ்சாவிலிருந்து எடுக்கும் எந்தச் சத்தையும் டிங்க்சரையும் தயாரிக்கப்பட்ட போதைப்பொருளாகவே கொள்கிறது. உத்தரவின்றிச் செய்தல் குற்றம். அனுமதியின்றிச் செடி பயிரிடுவோருக்குப் பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தன் நிலத்தில் பிறர் பயிரிட்டிருப்பினும், தெரிந்தவுடன் அதிகாரிகளுக்கு அறிவிப்பது நிலச்சொந்தக்காரர் கடமை. தெரிந்தும் வாளாவிருந்தால் அவரும் தண்டனைக்குரியவர். மலையடிவாரத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆண்டுக்கொரு முறைகூட எட்டிப் பாராதவர்கள் இதனைச் சிந்திக்க.

நாட்டு மருந்து வேண்டுவோருக்கு வழி இல்லாமலில்லை. சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியர்கள் கூடிச் சென்னையில் 1944-இல் நிறுவிய கூட்டுறவு மருந்துச் சாலையான இம்ப்காப்ஸ், உத்தரவு பெற்றே மருந்துகளைத் தயாரித்து வருகிறது.

வலிப்பு கண்ட குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் துணியோ கரண்டியோ திணிக்கலாகாது. கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. இழுப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108 வண்டியை அழைத்து, தாமதமின்றி சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை அவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.