ஆவாரையா, பேயாவரையா?

கேள்வி: எங்கள் ஊர் மலையடிவாரப் பொட்டலில் இடுப்புயரச் செடிகள் மஞ்சளாகப் பூத்திருக்கின்றன. ஆவாரை என்கிறார் ஒருவர். பேயாவரை என்கிறார் இன்னொருவர். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டுக்கும் ஐந்து மஞ்சள் இதழ்கள்தான். பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள். ஆவாரையில் ஒரு காம்புக்கு 8 முதல் 12 ஜோடிச் சிற்றிலைகள், நுனி மழுங்கியிருக்கும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போன்ற அகன்ற செதில் உதிராமல் நிற்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே சிறு சுரப்பி ஒன்று நிமிர்ந்திருக்கும். காய் தட்டையாக, மெல்லியதாக, முற்றினால் வெளிர்பழுப்பாக இருக்கும்.

பேயாவரையில் 3 முதல் 5 ஜோடிதான். சிற்றிலை பெரிது, நுனி கூர்மை. கசக்கினால் கெட்ட வாடை வீசும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த களை அது, விதை நச்சு.

ஆவாரையோ நம் மண்ணின் செடி. பட்டை தோல் பதனிட உதவியது. பூ, பொங்கல் காப்புக்கட்டில் வேப்பிலை, பூளைப்பூவோடு சேரும். தெலங்கானாவின் மாநில மலரும் இதுவே. தேநீருக்குப் பூப்பறிக்கும் எண்ணமிருந்தால், முதலில் சிற்றிலைகளை எண்ணிவிடுங்கள்.