கல்லூரிச் சேகரிப்பில் பழஞ்சேலை: ஈரத்தை முதலில் விரட்டுங்கள்

போடிநாயக்கனூரிலும் மேலே ஏலமலைச் சரிவிலும் பழஞ்சேலைக்கு முதல் எதிரி பூச்சி அல்ல, ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளிமீன் பூச்சியும் ஈரத்தைத் தேடித்தான் வரும். ஆகவே அறையில் ஈரப்பதமானி வைத்து, அளவை 50-55க்குள் நிறுத்துங்கள். பாலித்தீன் உறையைக் கழற்றிவிடுங்கள்; உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறாது. கஞ்சி போக அலசி உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். சரிகைச் சேலையை மடிக்காமல் உருளையில் சுருட்டுங்கள். மடிப்பில்தான் இழை முறியும். வெயிலில் போட்டால் ஈரம் போகாதா என்பார்கள். போகும், கூடவே சாயமும் வெளுக்கும். நிழலில் காற்றாட விரியுங்கள். மடிப்புக்குள் ஏலக்காய், கிராம்பு வைப்பதும் வேண்டாம். எண்ணெய்க் கறை படியும், ஈரம் அப்படியே இருக்கும்.

சேகரிப்புக்கு வந்த சேலையை உடனே துவைக்காதீர்கள். கறை துணியை அரிக்கும் என்பது உண்மையே. ஆனால் வியர்வைத் தடமும் ஒட்டுத்தையலும் உடுத்தியவரின் வாழ்வுக்குச் சான்று. முதலில் படமெடுங்கள், நீள அகலம் அளந்து எழுதுங்கள். துவைப்பதை நிபுணரிடம் விடுங்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி கிடைத்தால் இஸ்திரி போடாதீர்கள். முடிச்சிட்ட புள்ளியின் சுருக்கம் கைவேலையின் அடையாளம். எந்தச் சேலையானாலும், கொடுத்தவரிடம் அது தோட்ட வேலைக்கா, விசேஷத்துக்கா, எப்படிக் கட்டினார்கள் என்று அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். துணியைப் பார்த்து மட்டும் அதை அறிய முடியாது.