ஊனமுற்ற படைவீரரின் மேல்முறையீட்டு உரிமை

வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம் அமைந்திருப்பதால், பட்டாளத்து ஓய்வூதியம் நீலகிரிக் கிராமங்களுக்குப் புதிதன்று. ஆயினும், நோயுற்று விலக்கப்பட்ட ஜவானுக்கு, 'இந்நோய் சேவையால் நேர்ந்ததன்று' என்று கடிதம் வந்தால், அதையே முடிவெனக் கொண்டு பெட்டியில் பூட்டிவிடுகின்றனர். அது முடிவன்று.

1985-ல் படையிற் சேர்ந்த தரம்வீர் சிங், வலிப்பு நோயால் 20 சதவீத ஊனமுற்றவரெனக் கணிக்கப்பெற்று 1994-ல் விலக்கப்பட்டார். ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சேரும்பொழுது எழுதிய மருத்துவக் குறிப்பில் நோய் காணப்படாவிடில், அவர் நல்லுடலுடன் சேர்ந்தார் என்றே கொள்ளவேண்டும். பின்னர் வந்த நலிவு சேவையாலன்று எனக் காட்டும் பொறுப்பு சர்க்காரைச் சார்ந்தது. முன்பே கண்டறிய இயலாத நோயென்றால் மருத்துவர் காரணம் எழுதவேண்டும்.

ஆகவே, முதலில் தேடவேண்டியது வக்கீலையன்று. சேர்ந்த நாளின் மருத்துவத் தாளையும், விலக்கிய மருத்துவக் குழுவின் அறிக்கையையுமே. நகல்களை ரெஜிமெண்டின் ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். மறுப்பாணை கிடைத்த 6 மாதத்திற்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பயனளிக்காவிடில் இரண்டாவது. அதன்பின் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மனு எழுதுவதற்கு உதகமண்டலத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

மேற்கண்ட தீர்ப்பு 1982-ஆம் ஆண்டு விதிகளைப் பற்றியது. 21-9-2023 முதல் விலக்கப்படுவோருக்குப் புதிய விதிகள் உண்டாகையால், விலக்கப்பட்ட தேதியை மனுவின் முதல் வரியிலேயே குறிப்பது நலம்.