பற்றும் வரவும் இல்லாத முதல் ஆண்டு

கணக்குப்பதிவியலில் பிஎச்.டி. படிக்க அமெரிக்கா போனேன். முதல் பத்து மாதங்களில் ஒரு பற்று எழுதவில்லை, ஒரு வரவு எழுதவில்லை. சி.ஏ. முடித்து, கரூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஐந்து வருடம் ஜவுளி ஏற்றுமதிக்காரர்களின் லெட்ஜர்களைப் புரட்டிவிட்டுப் போனவள் நான். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் எந்தப் பக்கத்தில் இடிக்கும் என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். அந்தத் திறமையை அங்கே ஒருவரும் சீண்டவில்லை.

மைக்ரோ எகனாமிக்ஸ், எகனாமெட்ரிக்ஸ், ஆபரேஷன்ஸ் ரிசர்ச், ஃபைனான்ஸ் துறையில் அசெட் பிரைசிங். முதல் ஆண்டு இவ்வளவுதான். நான்கும் நான்கு கட்டடங்களில். பனியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டும். கணக்குப்பதிவியல் மாணவர்களைப் பொருளியல் மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பது அங்கே பல பல்கலைக்கழகங்களில் வழக்கம். காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. இந்தத் துறையின் ஆராய்ச்சி, கணக்கை எப்படி எழுதுவது என்று கேட்பதில்லை. யாருக்கு எது எப்போது தெரியும், தெரிந்ததை ஏன் சொல்கிறார்கள், ஏன் மறைக்கிறார்கள், சொன்னால் பங்கு விலை ஏன் நகர்கிறது என்று கேட்கிறது. அதற்கான ஆயுதங்கள் மைக்ரோவிலும் புள்ளியியலிலும்தான் இருக்கின்றன.

ஆகஸ்டில் மூன்று வாரம் கணித முகாம் நடத்தினார்கள். முதல் நாள் கரும்பலகையில் ஒரு கேள்வி: எண்ணி முடிக்கக்கூடிய அளவு திறந்த கணங்களின் வெட்டு திறந்த கணமாகவே இருக்கும், முடிவில்லாமல் எடுத்தால் அப்படி இருக்க வேண்டியதில்லை, ஏன்? எனக்குக் கூட்டல் தெரியும், வட்டி தெரியும், தேய்மானம் தெரியும். 'நிறுவுக' என்ற சொல்லைப் பள்ளி வடிவியலோடு விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த துருக்கி மாணவன் இரண்டே வரியில் எழுதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். –1/n இலிருந்து 1/n வரையுள்ள இடைவெளிகளை n எல்லாவற்றுக்கும் எடுத்து வெட்டினால் பூஜ்ஜியம் என்ற ஒற்றைப் புள்ளி மட்டும் மிஞ்சும், ஒற்றைப் புள்ளி திறந்த கணமல்ல. அவ்வளவுதான் விடை. எனக்கு அது இரவு பதினொன்றரைக்குப் புரிந்தது.

வால்டர் ரூடின் எழுதிய கணிதப் பகுப்பாய்வு நூலின் முதல் நான்கு அத்தியாயங்களை ஊரில் இருக்கும்போதே முடித்துவிட்டுப் போயிருந்தால் அந்த மூன்று வாரத்தில் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும். கால்குலஸ் வேகமாகப் போடுவது இங்கே உதவாது. ஒரு கூற்றை எடுத்து, எந்த நிபந்தனையை நீக்கினால் அது உடைகிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். ஆடிட்டருக்கு அந்தப் புத்தி உண்டு என்பது என் எண்ணம். வவுச்சரைப் பார்க்கும் கண்ணால் தேற்றத்தைப் பார்க்க வேண்டும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். மைக்ரோவுக்கு மாஸ்-கோலல், வின்ஸ்டன், கிரீன் மூவரும் 1995இல் எழுதிய புத்தகம். கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம். எல்லோரும் எம்.டபிள்யூ.ஜி. என்பார்கள். வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம், ஐந்தாறு கணக்கு. இரண்டாம் வாரமே ஒரு சீனியர், பழைய ஆண்டுகளின் விடைகள் முழுவதும் அடங்கிய ஒரு ஃபோல்டரை அனுப்பினார். நல்ல மனிதர், உதவியாகத்தான் அனுப்பினார். நான் அதைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். காப்பி அடிக்கவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு வரியும் புரிந்தது, புரிந்த பிறகுதான் எழுதினேன். வீட்டுப்பாடத்தில் தொண்ணூறுக்குக் குறைந்து வாங்கியதே இல்லை.

ஜூனில் தகுதித் தேர்வு. நான்கு மணி நேரம், நான்கு கேள்வி. முதல் கேள்வியைப் படித்ததும் இதை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தெரிந்தது. எங்கே தொடங்குவது என்று மட்டும் தெரியவில்லை. பிறர் போட்ட விடையைப் புரிந்துகொள்வது ஒரு வேலை, வெள்ளைத் தாளில் முதல் வரியைக் கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு வேலை. பத்து மாதம் முதல் வேலையை மட்டுமே செய்திருக்கிறேன். 38 மதிப்பெண். தேற 60 வேண்டும்.

போனில் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏங்கண்ணு, சி.ஏ.வே பாஸ் பண்ணிட்டு அங்க போயி கணக்குல கோட்டை விட்டுட்டியா?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆகஸ்டில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் ஒரு மாஸ்டர்ஸ் பட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அந்த இரண்டு மாதத்தில்தான் உண்மையில் படித்தேன். கோடை விடுமுறையில் வகுப்பறைகள் காலியாகக் கிடக்கும். என்னோடு தவறிய கொரியத் தோழியும் நானும் தினம் காலை ஒன்பது மணிக்கு ஓர் அறைக்குப் போவோம். ஒருத்தி பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துத் தருவாள், மற்றவள் கையில் குறிப்பு எதுவும் இல்லாமல் கரும்பலகையில் போட வேண்டும். மாட்டிக்கொண்டால் இருபது நிமிடம் வரை உதவி கிடையாது. அந்த இருபது நிமிடம்தான் படிப்பு. பலகைக்கு முன் சாக்பீஸோடு ஒன்றும் தோன்றாமல் நிற்பது அவமானமாக இருக்கும். இருந்தும் நின்றோம். ஃபோல்டரை அழித்துவிட்டேன்.

குழுவாகப் படிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் இரண்டு நாள் தனியாக முட்டிமோத வேண்டும், அதற்குப் பிறகே குழு. எடுத்த எடுப்பில் நான்கு பேர் கூடினால் கெட்டிக்காரர் ஒருவர் போடுவார், மூவர் தலையாட்டுவார்கள். தலையாட்டிய மூவரில் நான் ஒருத்தி.

அந்தக் கோடையில் இன்னொன்றும் நடந்தது, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். நான்கு கட்டடத்துக்கும் ஓடி நான்கு பாடம் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நேரியல் திட்டமிடலில் நிழல் விலை பிடிபடாமல், மணப்பாறையில் முறுக்கு வியாபாரம் செய்யும் என் பெரியம்மா வீட்டை வைத்து நானே ஒரு கணக்கு எழுதிப் பார்த்தேன். ஒரு நாளில் அடுப்பு 10 மணி நேரம் எரியும். ஒரு கிலோ முறுக்குக்கு அரை மணி அடுப்பு, லாபம் 40 ரூபாய். ஒரு கிலோ அதிரசத்துக்கு ஒரு மணி, லாபம் 60 ரூபாய். முறுக்கு 12 கிலோவுக்கு மேல் விற்காது. அதிரசம் எவ்வளவு போட்டாலும் போகும். என்ன போடலாம்?

கிலோவுக்கு லாபம் அதிரசத்தில்தான் அதிகம். ஆனால் ஒரு மணி அடுப்புக்கு முறுக்கு 80 ரூபாய் தருகிறது, அதிரசம் 60தான். ஆகவே முதலில் முறுக்கு 12 கிலோ, 6 மணி நேரம். மீதி 4 மணியில் அதிரசம் 4 கிலோ. லாபம் 480, 240, ஆக 720 ரூபாய். இப்போது அடுப்பு இன்னும் ஒரு மணி கிடைத்தால்? கூடுதலாக ஒரு கிலோ அதிரசம், 60 ரூபாய். அடுப்பு நேரத்தின் நிழல் விலை அதுதான். முறுக்கு இன்னும் ஒரு கிலோ விற்றால்? 40 ரூபாய் வரும், அது விழுங்கும் அரை மணிக்கு 30 ரூபாய் போகும், மிச்சம் 10. இந்த இரண்டு விலையையும் வைத்துத் திருப்பிக் கூட்டுங்கள்: 10 மணிக்கு 60 வீதம் 600, 12 கிலோவுக்கு 10 வீதம் 120. அதே 720. பொருளிலிருந்து கூட்டினாலும் பற்றாக்குறையிலிருந்து கூட்டினாலும் ஒரே தொகை. இதற்குத்தான் இருமை என்று பெயர். சுருங்கச் சொன்னால், ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது.

அப்போதுதான் தலையில் தட்டிக்கொண்டேன். சி.ஏ.வில் காஸ்டிங் தாளுக்குக் 'கீ ஃபேக்டர்' கணக்கு என்று நூறு முறை போட்டது இதுவேதான். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்பு நிழல் விலை என்கிறது, காஸ்டிங் வாய்ப்புச் செலவு என்கிறது, மைக்ரோ வெறுமனே விலை என்கிறது. பெரியம்மாவிடம் போனில், பக்கத்து அடுப்பை வாடகைக்கு எடுத்தால் மணிக்கு 60 ரூபாய் வரைக்கும் கொடுக்கலாம் என்றேன். "அறுவதா? எவ குடுப்பா? அம்பது ரூவாக்கே யோசிப்பேன்" என்றார்.

இந்த விலைக் கணக்குக்கு அடியில் இருக்கும் தேற்றத்தையும் சமையலறையிலேயே காட்டலாம். இரண்டு மாம்பழங்களை ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவில் ஓர் அட்டையைச் சொருக முடியும். ஒன்று முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்து, அதன் குழிக்குள் மற்றது உட்கார்ந்திருந்தால் முடியாது. உட்குழிவு இல்லாத இரண்டு கணங்கள் மோதாமல் இருந்தால் நடுவில் ஒரு தட்டையான தளம் போகும் என்பதே தேற்றம். அந்த அட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் விலை. மைக்ரோவில் இரண்டாம் நலத் தேற்றத்துக்கு இந்த அட்டை வருகிறது. ஃபைனான்ஸில், கைக்காசு போடாமலும் நஷ்ட பயம் இல்லாமலும் லாபம் பார்க்க வழியில்லாத சந்தையில் விலைகள் எப்படி அமையும் என்பதற்கு வருகிறது. நேரியல் திட்டமிடலின் இருமைக்கும் இதுவே வேர். கணக்குப்பதிவியல் கோட்பாட்டு வகுப்பில் மேலாளரின் சம்பளத்தை எந்த அளவீட்டோடு கட்ட வேண்டும் என்ற ஹோல்ம்ஸ்ட்ரோமின் 1979 கட்டுரையைப் படித்தபோது, அங்கேயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெருக்கி நிபந்தனையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இந்தத் துறைகள் பிறந்த கதையும் இப்படித்தான். 1947 அக்டோபரில் ஜார்ஜ் டான்ட்ஸிக், தான் கண்ட நேரியல் திட்டமிடலை எடுத்துக்கொண்டு பிரின்ஸ்டனுக்கு வான் நாய்மனிடம் போனார். வான் நாய்மன் விஷயத்தைக் கேட்ட கையோடு இருமைக் கோட்பாட்டை ஒன்றரை மணி நேரம் பிரசங்கமாகவே சொல்லிவிட்டாராம். மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து பொருளாதார நடத்தையைப் பற்றிய விளையாட்டுக் கோட்பாட்டு நூலை 1944இல் வெளியிட்டவர் அவர், அங்கே செய்த கணிதம் இங்கே பொருந்தும் என்று கண்டுகொண்டார். இது டான்ட்ஸிக்கே சொன்ன கதை. 1975இல் இந்த வழியில் வந்த வேலைக்குப் பொருளியல் நோபல் கான்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் கிடைத்தது. டான்ட்ஸிக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் ஒரு மனத்தாங்கல் உண்டு.

ஆகவே ஒரே நோட்டுப் புத்தகம் போடுங்கள். பாடத்துக்கு ஒன்று வேண்டாம். ஒரு கருத்து இரண்டாம் கட்டடத்தில் வேறு பெயரில் வந்தால் பழைய பக்கத்துக்கே போய் அதன் கீழே எழுதுங்கள். ஆகஸ்ட் தேர்வுக்கு என் சுமை பாதியாகக் குறைந்தது அப்படித்தான். இரண்டாம் முறை 67.

இரண்டாம் ஆண்டு கட்டுரை வாசிப்பு, வாரத்துக்கு நாலைந்து. பால், பிரவுன் இருவரும் 1968இல் எழுதியதை முதலில் கொடுத்தார்கள். 261 நிறுவனங்கள். ஆண்டறிக்கை வெளியாகும் நாளுக்குள் அதிலுள்ள லாபச் செய்தியின் பெரும்பகுதி பங்கு விலையில் ஏறிவிடுகிறது என்று காட்டிய கட்டுரை. ஆண்டறிக்கைக்காக இரவு பகல் உழைத்த எனக்கு அது சுருக்கென்று குத்தியது. கட்டுரை படிப்பதில் எனக்கு உதவிய ஒரே வழி: முன்னுரையைப் படித்ததும் மூடிவிட்டு, நானாக இருந்தால் என்ன தரவு எடுப்பேன், என்ன அட்டவணை போடுவேன் என்று அரைப் பக்கம் எழுதிவிட்டுத் திறப்பது. என் அரைப் பக்கம் பெரும்பாலும் அசடு வழியும். பரவாயில்லை.

தரவு வேலையில் வாங்கிய அடி ஒன்று. கம்ப்யூஸ்டாட் கணக்குத் தரவையும் சி.ஆர்.எஸ்.பி. பங்கு விலையையும் இணைத்து, டிசம்பருக்குப் பின் மூன்று மாதம் விட்டு மார்ச் இறுதியில் பங்குகளைப் பிரித்தேன். லாபம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கோடீஸ்வரி ஆகிவிட்டேன் என்று வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் அட்டவணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவ்வளவு நன்றாக வந்தால் முதலில் தவறைத் தேடு" என்றார். கம்ப்யூஸ்டாட் வழக்கப்படி ஜனவரி முதல் மே வரை முடியும் நிதியாண்டு முந்தைய ஆண்டின் கணக்கில் எழுதப்படும். 2010 மார்ச்சில் முடிந்தது 2009 என்று இருக்கும். நான் எல்லோரும் டிசம்பரில் முடிப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, இன்னும் வெளியாகாத கணக்கைப் பார்த்துப் பங்கு வாங்கியிருக்கிறேன். மார்ச் 31இல் கணக்கு முடித்தே வளர்ந்தவள் செய்த காரியம்! ஃபைனான்ஸ் ஆய்வாளர்கள் ஃபாமாவும் ஃப்ரெஞ்சும் முந்தைய ஆண்டுக் கணக்கை எடுத்து, பங்குகளைப் பிரிக்க ஜூன் இறுதி வரை ஏன் காத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்கு உறைத்தது.

மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வேலைக்கு நேர்காணல் போனபோது ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டில் வகுப்புகளை அடுக்கிக்கொள்ளவும் வேண்டாம். ஆராய்ச்சிக் கேள்வி அகப்படாத பயத்தில் வகுப்புக்குள் ஒளிந்துகொள்கிறவர்கள் உண்டு. ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் எடுத்து நானும் ஒளிந்தேன், இதுவரை ஒரு வரிக்கும் அது தேவைப்படவில்லை.

இந்த ஆண்டு கிளம்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: ரூடின் முதல் அத்தியாயத்தின் முதல் பயிற்சி, பூஜ்ஜியமல்லாத ஒரு விகிதமுறு எண்ணை விகிதமுறா எண்ணோடு கூட்டினாலும் பெருக்கினாலும் விகிதமுறா எண்ணே வரும் என்று நிறுவச் சொல்கிறது. நான்கு வரியில் முடியும். விடையைத் தேடாமல் அதைக் காகிதத்தில் எழுதி முடித்துவிட்டு, பிறகு விமான டிக்கெட் போடுங்கள்.