தீவின் கிழக்கு ஓரம்

சாங்கி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு விமான நிலையம் நினைவுக்கு வரும். வயதில் மூத்தவர்கள் சிறைச்சாலையைச் சொல்வார்கள். வார இறுதியில் நாசி லெமாக் சாப்பிடச் செல்பவர்களுக்கோ அது சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையம். விமான நிலையமும் சிறைச்சாலையும் ஒரே வட்டாரத்தில் அமைந்தது தற்செயல் அன்று. நகரத்துக்குத் தொலைவில், கடலுக்கு அருகில் இருப்பதே சாங்கியின் வரலாற்றையும் தொழிலையும் முடிவுசெய்தது.

வரைபடத்தைப் பாருங்கள். சாங்கி தீவின் கிழக்குக் கோடியில் உள்ளது. வடக்கே குறுகிய கடல். அதற்கு அப்பால் புலாவ் உபின். வடகிழக்கில் புலாவ் தெக்கோங். ஜொகூர் நீரிணைக்குள் கிழக்கிலிருந்து வரும் வழியைச் சாங்கி முனையில் நின்றபடியே கண்காணிக்கலாம்.

சாங்கி என்ற பெயருக்குப் பல விளக்கங்கள் உண்டு. இங்கு வளர்ந்த ஒரு காட்டு மரத்தின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்று பலர் கூறுவர். ஒரு காலத்தில் இங்கே சுமார் 76 மீட்டர் உயரமுள்ள ஒரு மரம் நின்றது. ஏறத்தாழ இருபத்தைந்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது! கடலில் வருவோர் அதை அடையாளமாகக் கொண்டார்கள். வரைபடங்களிலும் 'சாங்கி மரம்' என்றே குறித்தார்கள். ஜப்பானியப் படைகள் அதைக் குறியாக வைத்துப் பீரங்கியால் சுடக்கூடும் என்று அஞ்சிய பிரிட்டிஷார், 1942 பிப்ரவரியில் அதை வெட்டிச் சாய்த்தனர்.

பிரிட்டிஷார் சாங்கிக்குப் படைகளைக் கொண்டுவந்ததற்குக் காரணம் செம்பவாங். அங்கே அவர்கள் மாபெரும் கடற்படைத் தளம் ஒன்றைக் கட்டி 1938இல் திறந்தார்கள். அந்தத் தளத்துக்குச் செல்லும் நீர்வழியைக் காப்பதற்காகவே சாங்கியில் படைமுகாம்களும், 15 அங்குல வாயுடைய மூன்று பெரும் பீரங்கிகளும் அமைக்கப்பட்டன. அந்தப் பீரங்கிகள் கடலை மட்டுமே நோக்கியிருந்ததால் பயன்படவில்லை என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அது முழு உண்மை இல்லை. அவை நிலப்பக்கம் திரும்பிச் சுடவும் செய்தன. ஆனால், அவற்றிடம் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்பைத் துளைக்கும் குண்டுகள். பரவி நிற்கும் காலாட்படைக்கு எதிராக அவற்றால் அதிகப் பயன் இல்லை.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். அதே நாளில் இந்திய வீரர்கள் தேக்காவுக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் தனியாகக் கூட்டப்பட்டார்கள். ஒரே படையில் போரிட்டவர்கள் அன்று இரு திசைகளில் பிரிந்தனர். அடுத்த சில நாள்களில், சாங்கிக் கடற்கரையில் சீன ஆண்கள் 66 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இன்று அங்கே உலாவச் செல்பவர்கள் அதற்கான நினைவுக்கல்லைக் காணலாம்.

1936இல் கட்டி முடிக்கப்பட்ட சாங்கிச் சிறை, சுமார் 600 கைதிகளுக்கானது. ஜப்பானியர் அதில் பெண்கள், குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 3,000 பொதுமக்களை அடைத்தார்கள். போர்க்கைதிகள் பலர் சாங்கியிலிருந்து சயாம் மரண ரயில்பாதை போடுவதற்கு அனுப்பப்பட்டனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்களும் அதே பாதையில் உழைத்தார்கள், அங்கேயே மாண்டார்கள். சாங்கியில் எஞ்சியிருந்த கைதிகளுக்கு 1943இல் வேறொரு வேலை தரப்பட்டது. மண்ணை வெட்டிச் சமன்செய்து விமான ஓடுபாதை அமைப்பதே அந்த வேலை. உலகம் புகழும் விமான நிலையத்தின் கதை அரைப்பட்டினியில் கிடந்த கைதிகளின் மண்வெட்டியிலிருந்து தொடங்குகிறது. விமானத்தில் வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

போருக்குப் பின் அந்த ஓடுபாதையைப் பிரிட்டிஷ் ஆகாயப்படை எடுத்துக்கொண்டது. தளத்தில் வேலை பார்த்தவர்களில் இந்தியர்களும் பலர். சாங்கி வில்லேஜில் உள்ள ஸ்ரீ ராமர் ஆலயத்தின் வரலாறு 1946இல் தொடங்குகிறது. படைவீரர் குடும்பங்களை நம்பிக் கடைத்தெரு வளர்ந்தது. சாங்கி மட்டுமல்ல, அப்போது சிங்கப்பூர் முழுவதுமே பிரிட்டிஷ் தளங்களைப் பெரிதும் சார்ந்திருந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றால் கிடைத்தது. படைகளை மீட்டுக்கொள்ளப் போவதாக 1968இல் பிரிட்டன் அறிவித்தபோது எழுந்த கவலையை இந்தக் கணக்கைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

1971இல் பிரிட்டிஷ் படைகள் பெரும்பாலும் வெளியேறின. நாட்டின் விமான நிலையம் அப்போது பாய லேபாரில் இருந்தது. அங்கேயே இரண்டாவது ஓடுபாதை போடலாம் என்று வல்லுநர்கள் கூறினார்கள். அதில் அரசாங்கம் ஏற்கெனவே 800 மில்லியன் வெள்ளி செலவிட்டிருந்தது. ஆனால், விமானங்கள் நகரத்தின் மேலேயே பறந்தால் அந்த இரைச்சலை மக்கள் எத்தனை ஆண்டுகள் தாங்குவார்கள்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விமானங்கள் கடலின் மேல் இறங்குவதைப் பார்த்த பிரதமர் லீ குவான் இயூ, சாங்கியே ஏற்றது என்று நினைத்தார். செலவிட்ட பணம் போனால் போகட்டும் என்று 1975இல் முடிவெடுக்கப்பட்டது. துணிச்சலான முடிவுதான்.

போதிய நிலம் இல்லை. எனவே, கடலைத் தூர்த்தார்கள். கடலடியிலிருந்து 40 மில்லியன் கன மீட்டர் மணல் எடுத்துக் கொட்டப்பட்டது. புதிதாகக் கிடைத்த நிலம் சுமார் 870 ஹெக்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காற்பந்துத் திடல்களுக்குச் சமம். கரையோரக் கம்பங்கள் மறைந்தன. அவற்றுள் ஒன்று ஆயர் கெமுரு. மலாய் மொழியில் அதற்கு 'முழங்கும் நீர்' என்று பொருள். அலையோசை கேட்ட ஊரில் இன்று விமானங்களின் முழக்கம் கேட்கிறது. அங்கு வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

1981 ஜூலை முதல் தேதி முதலாம் முனையம் இயங்கத் தொடங்கியது. பிறகு மூன்று முனையங்களும் 2019இல் ஜுவல் வளாகமும் சேர்ந்தன. 2019இல் 68.3 மில்லியன் பயணிகள் வந்துபோனார்கள். மறு ஆண்டே கிருமித்தொற்றால் அந்த எண்ணிக்கை 11.8 மில்லியனாகச் சரிந்தது. இரண்டு முனையங்கள் மூடப்பட்டன. விமானப் பணியாளர்கள் மட்டுமல்ல. உணவு சமைத்தவர்கள், பெட்டி ஏற்றியவர்கள், டாக்சி ஓட்டியவர்கள் என எல்லாருடைய வருமானமும் அடிபட்டது. பிரிட்டிஷ் தளங்களை நம்பியிருந்த காலத்து அனுபவம் வேறொரு வடிவில் திரும்பி வந்ததுபோல் இருந்தது. 2024இல் எண்ணிக்கை மீண்டும் 67.7 மில்லியனை எட்டியது. 2025இல் ஐந்தாம் முனையத்தின் கட்டுமானம் தொடங்கியது.

விமான நிலையத்தைத் தவிர, சாங்கியில் வர்த்தகப் பூங்காவும் கடற்படைத் தளமும் உள்ளன. அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. நாம் பயன்படுத்திய நீரில் ஒரு பங்கு, ஆழத்தில் ஓடும் சுரங்கக் குழாய் வழியாகச் சாங்கி நீர்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு வந்து சேர்கிறது. அதில் ஒரு பகுதி நியூவாட்டராக மாறுகிறது.

பழைய சிறை இடிக்கப்பட்டபோது அதன் நுழைவாயிலும் சுவரின் ஒரு பகுதியும் காக்கப்பட்டன. 2016இல் அவை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. சாங்கி முனைப் படகுத்துறையிலோ பெரிய மாற்றம் இல்லை. உபினுக்குச் செல்லும் சிறு படகு பன்னிரண்டு பயணிகள் சேரும்வரை காத்திருக்கிறது. தலைக்குமேல் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்துகொண்டிருக்க, பதினொரு பேர் பன்னிரண்டாம் ஆள் வருகிறாரா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.